தியேட்டரில் கேட்ட இரண்டாவது சரணம்

என் தம்பியும் நானும் தியேட்டரில் சண்டை போடுவோம். நாலைந்து வருஷம் அதை ஒரு வேலையாகவே வைத்திருந்தோம்.

விளம்பரங்கள் முடிந்து, படம் ஆரம்பிப்பதற்கு முன்னால் திரை கொஞ்ச நேரம் வெள்ளையாக நிற்கும். மேனேஜரிடம் முன்கூட்டியே பேசி அந்த நேரத்தை வாங்கி வைத்திருப்போம். நான் யாரோ மாதிரி ஒரு சீட்டில் உட்கார்ந்திருப்பேன். அவன் டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, வரிசையில் இருப்பவர்களின் முழங்காலையெல்லாம் இடித்தபடி வந்து என் முன்னால் நிற்பான்.

"மேடம், இது என் சீட்டு."

"இல்ல சார், என்னோடது. நம்பரைப் பாருங்க."

"பார்த்துட்டுத்தான் சொல்றேன். எந்திரிங்க."

"அது என்ன எந்திரிங்க? கொஞ்சம் மரியாதையா பேசுங்க."

பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். குரல் ஏற ஏற எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். "எந்திரிங்கம்மா, படம் போடப் போறான்" என்று பின்னாலிருந்து யாராவது சத்தம் போடுவார். அந்த இடத்துக்காகத்தான் என் தம்பி காத்திருப்பான். "இது யார் சீட்டு, இது யார் சீட்டு" என்று கத்திக்கொண்டே வந்தவன் கடைசிச் சொல்லை அப்படியே இழுப்பான். இழுத்த இழுப்பில் கத்தல் பாட்டாகிவிடும்.

இது யார் சீட்டு, இது யார் சீட்டு,
டிக்கெட்டில் இருக்குது நம்பரு.
படம் முடிஞ்சு விளக்கு எரிஞ்சா
எல்லா சீட்டும் காலி சாரு.

அவனே கட்டிய பாட்டு. நான் அதற்கு எதிர்ப்பாட்டு பாடுவேன். அப்புறம் பால்கனியில் ஒருத்தி எழுந்து பாடுவாள். கதவோரம் ஒருவர், நடு வரிசையில் மூன்று பேர். மொத்தம் ஏழு பேர் நாங்கள். யாரும் பாட்டுத் தொழில் செய்கிறவர்கள் இல்லை. நான் அடையாறில் ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். அவன் விளம்பரங்களுக்குக் குரல் பதிவு செய்யும் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தான். அடுத்த ஆள் எங்கிருந்து பாடப் போகிறான் என்று ஜனங்கள் இருட்டில் தேடுவதைப் பார்க்க அவனுக்கு அவ்வளவு பிடிக்கும். அதனால் எங்களுக்கு ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தான். அடுத்தவர் பாட ஆரம்பிக்கும்போது எங்களில் யாரும் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. "நாம திரும்பினா, அங்க ஆள் இருக்குன்னு காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடும்" என்பான்.

தி. நகரில் ஒருமுறை ஆஜானுபாகுவான ஒரு மனிதர் எனக்காக எழுந்து வந்து அவன் காலரைப் பிடித்துவிட்டார். "பொம்பளைகிட்ட என்னய்யா தகராறு?" என்றார். காலர் அவர் கையில் இருக்கும்போதே என் தம்பி பாட ஆரம்பித்தான். அவர் பிடியை விடவும் தெரியாமல், வைத்துக்கொள்ளவும் தெரியாமல் பாட்டு முடியும்வரை அப்படியே நின்றார். வீட்டுக்கு வந்து அவன் இதை அம்மாவிடம் நடித்துக் காட்டினான். மந்தைவெளியில் எங்கள் வீடு ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரயில் போகும்போது பேச்சை நிறுத்தி, போன பிறகு தொடர்வது எங்களுக்குப் பழக்கம். அன்றைக்கு ஒரு ரயில் முழுதாகப் போகும்வரை, இல்லாத ஒரு காலரை எட்டிப் பிடித்தபடி அவன் நின்றிருந்தான். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். பாடும்போது எல்லாரும் ஒரு வரி முடிந்து மூச்சு எடுத்தால், அவன் ஒரு சொல்லின் நடுவிலேயே எடுப்பான். "இருக்குது" என்ற சொல்லை "இருக்" என்று நிறுத்தி, வாய்க்குள் மெல்லிய விசில்போல ஒரு மூச்சு இழுத்து, பிறகுதான் "குது" என்பான். கேட்பவர்களுக்கு அது ஏதோ சங்கதி மாதிரி இருக்கும். எங்களுக்குத் தெரியும், அது மூச்சு. அந்தப் பாட்டுக்கு இன்னொரு சரணம் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஒன்றும் அமையவில்லை. முதல் சரணம் முடிந்ததும் நாங்கள் எல்லாரும் மெட்டை மட்டும் முனகிவிட்டு உட்கார்ந்துவிடுவோம்.

பிறகு நுரையீரல் கெட்டுப்போனது. ராயப்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் சேர்த்தோம். காலையிலும் சாயங்காலமும்தான் பார்க்க விடுவார்கள். மதியம் சாப்பாடு ஆனதும் எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவார்கள். நான் கஞ்சியைக் கொடுத்துவிட்டு, எதிரே பழக்கடை ஓரமாக நின்று அந்த மூன்றாவது மாடி ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருந்தார். எப்போது போனாலும் சுவர்ப் பக்கம் திரும்பி, பச்சைப் போர்வையைத் தலைவரை இழுத்துப் படுத்திருப்பார். முகத்தைப் பார்த்ததே இல்லை. அவருடைய மனைவி மட்டும் என்னைப் பார்த்துத் தலையாட்டுவாள்.

ஒரு மழைக்கால மதியத்தில் என் தம்பி இறந்துபோனான். நான் பழக்கடையோரமாக நின்றுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம்போல நாங்கள் எங்கும் பாடவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால் அவனைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்று பார்ப்பதையும் குறைத்துக்கொண்டோம். வீட்டில் அம்மா அவன் பெயரைச் சொல்வதில்லை. ரயில் போகும்போது பேச்சை நிறுத்துவாள். போன பிறகு தொடரமாட்டாள்.

போன வருஷம் ராயப்பேட்டை தியேட்டர் மேனேஜர் போன் செய்தார். ஒரு குடும்பப் படம் வருகிறது, முதல் ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு நீங்கள் அந்தச் சண்டையைப் போட முடியுமா என்று கேட்டார். அவருக்கு விஷயம் தெரியாது. நான் சொன்னேன். "தெரியாம கேட்டுட்டேம்மா, மன்னிச்சுக்கோங்க" என்றார் அவர். எனக்கே தெரியாமல், "இல்ல சார், வர்றோம்" என்று சொல்லிவிட்டேன்.

என் தம்பியின் இடத்தில், எங்களில் கதவோரம் நின்று பாடும் வங்கிக்காரர் சண்டை போடுவதாக முடிவானது. நல்ல மனிதர். ஒத்திகையில் "மேடம், இது என் சீட்டு" என்று சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நன்றாக இருந்தது. குழந்தைகள், பாப்கார்ன், மொபைல் வெளிச்சம். வங்கிக்காரர் வந்தார். சண்டை போட்டோம். பின்னாலிருந்து ஒருவர் சத்தம் போட்டார். வங்கிக்காரர் சொல்லை இழுத்தார், பாட்டாகியது. பால்கனியில் அவள் எழுந்தாள். நடு வரிசைக்காரர்கள் எழுந்தார்கள். ஜனங்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள். சரணம் முடிந்து, மெட்டை முனகினோம். அது தேய்ந்து தேய்ந்து அடங்கியது. உட்காரலாம் என்று சீட்டை விரித்தேன்.

பின்பக்கம், வலது மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

எந்திரிச்சுப் போனவன் சீட்டில
இன்னும் சூடு இருக்குது.
உக்கார வந்தவரே, கொஞ்சம்
ஒதுங்கி உக்காருங்க.

எங்கள் மெட்டு. எங்களில் யாருக்கும் தெரியாத வார்த்தைகள். "இருக்" என்று நின்று, அந்த மெல்லிய விசில் மூச்சு உள்ளே போய், "குது" என்று வந்தது.

என் தம்பியின் குரல். யாரோ அவனைப்போலப் பாடுகிறார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவன் பின்னால் வலது மூலையில் நிற்கிறான் என்றுதான் உடம்பு சொன்னது. பால்கனியில் இருந்தவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டதாகப் பிறகு சொன்னாள். வங்கிக்காரர் என் கையைப் பிடித்தார். நாங்கள் ஏழு பேரில் மிச்சமிருந்த ஆறு பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. அவன் போட்ட கட்டளை காரணமா, பயமா, தெரியாது. திரும்பினால் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். திரும்பாமல் இருக்கும்வரை இருப்பான்.

குரல் நின்றது. ஜனங்கள் பெரிதாகக் கைதட்டினார்கள். அவர்களுக்கு எல்லாமே ஏற்பாடுதானே. திரையில் படம் ஓட ஆரம்பித்தது.

அந்தப் படத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. இடைவேளை வந்ததும் கதவைத் தாண்டி ஓடினேன். வலது மூலைக் கதவிலிருந்து வெளியே வருகிறவர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன். நடுத்தர வயதில் ஒரு பெண் என்னைப் பார்த்து நின்றாள். தலையாட்டினாள். ஆஸ்பத்திரியில் ஆட்டிய அதே மாதிரி. அவளுக்குப் பின்னால் ஒல்லியாக ஒருவர், கட்டம் போட்ட சட்டை, நாற்பது வயது இருக்கும். அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

"இன்னா யக்கா, என்னைத் தெரில?" என்றார். "பக்கத்து பெட்டு."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். அவர் மனைவி தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என்னிடம் நீட்டினாள்.

"நீங்க எப்படி அந்தப் பாட்டை..."

"மத்தியானம் கதவைச் சாத்திருவாங்களே. அப்பால இன்னா பண்றது? பாடிக்கினு கெடப்போம். நர்சம்மா திட்டும்னு மெதுவா, வாய்க்குள்ளயே. உன் தம்பிதான் சொல்லிக் குடுத்தாரு. நீயும் அவரும் சண்டை போடுற கதையெல்லாம் சொல்லுவாரு. இன்னிக்கு நீ சீட்டுக்கு சண்டை போடறப்பவே எனக்குப் புரிஞ்சி போச்சு."

"நீங்க வந்தது தற்செயலாவா?"

"பின்ன? படம் பாக்கத்தான் வந்தோம். இந்தா, இவதான் இந்தப் படத்துக்குப் போலாம்னு கேட்டா."

அவர் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். முன்பு அடையாறு ஆற்றங்கரையில் குடியிருந்தார்கள். அங்கிருந்து எல்லாரையும் ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டார்கள். சினிமா பார்க்க மட்டும் பழைய இடத்துப் பக்கம் வருவது அவர்கள் வழக்கமாம். அப்போது ஒரே பஸ்ஸில் வந்து பார்த்த தியேட்டருக்கு இப்போது இரண்டு பஸ் மாறி வருகிறார்கள்.

"அந்த இரண்டாவது சரணம் அவன் எழுதினதா?" என்று கேட்டேன். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அவர் யோசித்தார். "நான் அந்த பெட்டுக்கு வந்தப்ப, அன்னிக்குக் காலைலதான் ஒரு ஆளு அதுல போய்ச் சேர்ந்திருந்தான் யக்கா. எனக்குத் தெரியாது. படுத்தப்பால எவனோ சொன்னான். எனக்குத் தூக்கம் வர்ல. பெட்டு சூடா கீதுன்னு உன் தம்பிகிட்ட சொன்னேன். சொவுத்தைப் பார்த்துத் திரும்பிக்கினு ஓரமா படுப்பேன், நடுவுல படுக்க மாட்டேன். அவரு சிரிச்சாரு. அத்தையே பாட்டா பாடிக் காட்டினாரு. அப்பால நான் ஒரு வார்த்தை மாத்துனேன், அவரு ஒண்ணு மாத்துனாரு. பெட்டுன்னு இருந்துச்சு, சீட்டுன்னு ஆக்குனாரு. யாரு எத்தைப் போட்டதுன்னு இப்ப எனக்கே நெனப்பு இல்ல."

அவர் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "உங்க தம்பி போன அன்னிக்கு சாயங்காலமே அந்த பெட்டுக்கு வேற ஆள் வந்துட்டாங்க. அந்த ஆள்கிட்ட இவரு இத்தைப் பாடிக் காட்டினாரு. அவரு கண்டபடி திட்டிட்டாரு."

"பின்ன, திட்டாம?" என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அதோடு, சொல்லக் கூசுகிற ஒரு கோபமும் வந்தது. பச்சைப் போர்வைக்குள் சுருண்டு கிடந்தவர் கட்டம் போட்ட சட்டை போட்டுக்கொண்டு இடைவேளையில் நிற்கிறார். நான் போனை எடுத்து, "இன்னொரு தடவை பாடுங்க, பதிவு பண்ணிக்கிறேன்" என்றேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினார். அது அவருடைய சொந்தக் குரல். கரகரப்பான, நல்ல குரல். "இருக்குது" என்பதை ஒரே மூச்சில் சொன்னார். அந்த விசில் இல்லை.

"உள்ள பாடினீங்களே, அந்த மாதிரி..."

"அது இருட்டுல வந்துச்சு. நானா எதுவும் செய்யல யக்கா" என்றார். அவர் பொய் சொல்கிறவராகத் தெரியவில்லை. அவர் முகத்திலும் ஒரு கலக்கம் இருந்தது. மணி அடித்தது. அவர்கள் உள்ளே போனார்கள். நம்பர் மட்டும் வாங்கிக்கொண்டு நான் வீட்டுக்கு வந்தேன்.

அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அதற்குள் பால்கனியில் பாடுபவள் அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவன் இருந்த அறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்த வாரம் முழுவதும் நானும் சரியாக இல்லை. கிளினிக்கில் பல் வலியோடு வந்து உட்காருகிறவர்கள் மூச்சு விடுவதைக் கவனிக்க ஆரம்பித்தேன். பஸ்ஸில் பின் சீட்டில் யாராவது முனகினால் உடம்பு விறைத்தது. நாங்கள் ஆறு பேரும் கூடி அந்தச் சரணத்தைப் பாடிப் பார்த்தோம். வார்த்தைகள் வந்தன. ஆளாளுக்கு வேறு வேறு இடத்தில் மூச்சு எடுத்தோம். வங்கிக்காரர், "அவன் மூச்சு எடுத்த இடம் 'இருக்குது'வில் இல்லை, 'ஒதுங்கி'யில்தான்" என்று சாதித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அவருக்கும் எனக்குமே ஒரே குரல் கேட்கவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. ஒருத்தி அழுதுவிட்டாள். அதோடு எழுந்துவிட்டோம்.

ஒரு காலை அம்மா புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "என்னை அந்த ஆள் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

ஆட்டோவில் போனோம். ஊர் முடிந்து, வயல் இருந்த இடங்களும் முடிந்து, ஒரே மாதிரி கட்டடங்கள் வரிசையாக நின்றன. எட்டாவது மாடி. லிஃப்ட் வேலை செய்தது, நல்லவேளை. ஒரு அறையும் சமையற்கட்டும் கொண்ட வீடு. அவர் மனைவி அம்மாவைக் கட்டிலில் உட்கார வைத்து டீ கொடுத்தாள். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவரிடம் அது இல்லை. உயரம், நிறம், முகம், எதிலும் இல்லை.

"பாடுப்பா" என்றாள் அம்மா.

அவர் பாடத் தொடங்கி, அம்மா முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். மறுபடி தொடங்கி மறுபடி நிறுத்தினார். "நீ எதிர்ல குந்திக்கினு கீறியே, எனக்கு வர்லம்மா" என்றார். சமையற்கட்டுக்குள் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டார். உள்ளே குழாய் சொட்டும் சத்தம் கேட்டது. எங்கோ கீழே குழந்தைகள் விளையாடுகிற சத்தம். அவர் மனைவி மின்விசிறியை நிறுத்தினாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து பாட்டு வந்தது.

முதல் சரணம் அவர் குரலாகத்தான் இருந்தது. இரண்டாவது தொடங்கியபோது எனக்கு எது கேட்டது என்று உறுதியாகச் சொல்லமாட்டேன். நான் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இருக்" என்ற இடம் வந்தது. அம்மாவின் மார்பு மேலே எழுந்தது, அவளே மூச்சை இழுத்தாள், விட்டாள்.

பாட்டு முடிந்த பிறகும் அவர் உடனே வெளியே வரவில்லை.

அம்மா என்னிடம் தாழ்ந்த குரலில், "இன்னும் மூச்சு வாங்குதுடி அவனுக்கு" என்றாள்.

அவர் வந்ததும் அம்மா அவரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். மார்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சளி கட்டியிருக்கிறதா, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா, வண்டி ஓட்டும்போது வாயில் துணி கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டாள். அவர் எல்லாவற்றுக்கும் சின்னப் பிள்ளைபோலத் தலையாட்டினார். அவர் மனைவி வாசற்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நாங்கள் மறுபடியும் அங்கே போகவில்லை. அந்தச் சண்டையையும் எந்தத் தியேட்டரிலும் போடவில்லை. மேனேஜர் இரண்டு முறை கேட்டார். வேறு பாட்டு யோசிக்கிறோம் என்று சொல்லியிருக்கிறோம், உண்மையிலேயே யோசிக்கிறோம். பால்கனிக்காரி ஒன்று எழுதி வைத்திருக்கிறாள், சமோசா வாங்கப் போனவன் சீட்டுக்குத் திரும்பி வர வழி தெரியாமல் அலைகிறதைப் பற்றி. சிரிப்பாக இருக்கிறது.

அம்மா மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு போனில் பேசுகிறாள். பாடச் சொல்வதில்லை. சாப்பிட்டாயா, வண்டி சரியாகிவிட்டதா, மழை அங்கேயும் பெய்கிறதா என்று ஏதேதோ. அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டே நான் கேட்டுக்கொண்டிருப்பேன். முதலில் "வாப்பா போப்பா" என்றுதான் பேசிக்கொண்டிருந்தாள். இப்போது "டா" போட்டுப் பேசுகிறாள். எதிர்ப்பக்கம் என்ன சொல்கிறார்கள் என்று எனக்குக் கேட்காது. அம்மா பேசுவாள், நிறுத்துவாள், "ம்" என்பாள், சிரிப்பாள். சில சமயம் அவள் நிறுத்தும் இடங்கள் ஒரு மனிதர் பதில் சொல்வதற்கு வேண்டியதைவிட ரொம்ப நீளமாக இருக்கின்றன.

போன வாரம் அம்மா தன் போனில் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது, மேசைமேல் என் போன் அடித்தது. திரையில் அவருடைய நம்பர். எடுக்காமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே அம்மா, "அக்கா இங்கதான்டா இருக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.